வில்லங்கம் இல்லை என்று வேட்பாளர் எழுதிக் கொடுப்பாரா?

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்திருந்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட ஒன்றரை லட்சம் கன அடிக்கும் அதிகமான தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, கடலூரின் கரையோரத் தெருக்களுக்குள் புகுந்து, அப்போதுதான் வடியத் தொடங்கியிருந்தது. ஓர் அக்கா பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வாளிக்குள் பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஒரு கிரயப் பத்திரம். வண்டல் படிந்து, தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, நனைந்த அப்பளக் கட்டு போல இருந்தது.

நான் பத்திரம் எழுதுகிறவன். இருபத்தாறு வருடத் தொழில். அந்தப் பத்திரத்தை எழுதியதும் நான்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டால் சான்றிட்ட நகல் கிடைக்கும், இதைக் காயவைக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். அக்கா கேட்கவில்லை. அதில் அவருடைய கணவரின் கையெழுத்து இருக்கிறது. அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது.

அதனால் உட்கார்ந்து பிரித்தேன். ஸ்டீல் ஸ்கேலின் நுனியை இரண்டு தாள்களுக்கு நடுவே செலுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு, அரை அரை அங்குலமாக. ஒவ்வொரு தாளுக்கு இடையிலும் செய்தித்தாள் வைத்து, மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓட விட்டேன். ஊதா நிற முத்திரைகள் கரைந்து பூப்போல விரிந்திருந்தன. ஆனால் அவர் கணவரின் கையெழுத்து அழியவில்லை. விற்றவரின் இடது கைப் பெருவிரல் ரேகை ஒவ்வொரு கோடும் தெரியும்படி அப்படியே இருந்தது. "யாதொரு வில்லங்கமும் விவகாரமும் இல்லையென்றும், பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்படுமானால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பதாகவும் உறுதி கூறுகிறேன்" என்ற வரியும் அப்படியே இருந்தது.

அக்கா எழுத்துக்கூட்டிப் படிப்பவர். அந்த வரியில் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இதில் பொய் எழுதினால் ஜெயில் என்று அன்றைக்குச் சொன்னாய். அந்தச் சுவர் வந்துவிட்டது என்று சொன்னாரே, அவருக்கு என்ன?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதிலிருந்துதான் வருகிறது.

சுவர் கதை இதுதான். வெள்ளத்துக்குச் சில வருடங்களுக்கு முன்பு அக்கா அந்த வீட்டை விற்றுவிட்டு, மகள் இருக்கும் நெல்லிக்குப்பம் பக்கம் போய்விட முடிவு செய்திருந்தார். வாங்க ஆள் வந்து, விலை பேசி, முன்பணம் கொடுக்க நாளும் குறித்தாகிவிட்டது. அது தேர்தல் நேரம். ஒரு மாலையில் ஒரு வேட்பாளர் தெருமுனையில் வேனை நிறுத்திப் பேசினார். எந்தக் கட்சி, வென்றாரா தோற்றாரா என்பதைச் சொல்லப் போவதில்லை. அதை எழுதினால் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பெயரோடு நின்றுவிடுவார்கள். அவர் சொன்னது இது: "ஆற்றுக் கரைக்கு வெள்ளத் தடுப்புச் சுவர் கட்ட அரசாணை வாங்கிவிட்டேன். இதோ பையில் இருக்கிறது. அடுத்த மாதம் வேலை தொடங்கும்." சொல்லிக்கொண்டே சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். வெள்ளைச் சட்டை. உள்ளே மடித்த காகிதம் ஒன்று இருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தேன்.

மறுநாள் அக்கா வந்து, விற்கலாமா பொறுக்கலாமா என்று கேட்டார். பொறுக்கச் சொன்னது நான். சுவர் வந்தால் சென்ட் விலை ஏறும் என்று சொன்னேன். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் காகிதத்தைச் சரிபார்த்தே பிழைப்பவன் நான், அந்தப் பையில் இருந்த காகிதத்தை மட்டும் கேட்டுப் பார்க்காமல் நம்பிவிட்டேன். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

வாங்க வந்தவர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். சுவர் வரவில்லை. தண்ணீர் வந்தது. ஜன்னல் உயரம்.

பத்திரத் தொழிலில் முதலில் கற்றுக்கொடுக்கப்படுவது வினைமுற்றுத்தான். "விற்க ஒப்புக்கொள்கிறேன்" என்றால் அது கிரய ஒப்பந்தம். "விற்றுவிட்டேன்" என்றால் கிரயப் பத்திரம். முதலாவது இனி நடக்க வேண்டியதைப் பேசுகிறது; இரண்டாவது நடந்து முடிந்ததைப் பேசுகிறது. இரண்டுக்கும் முத்திரைத் தீர்வை வேறு, பொறுப்பு வேறு, தவறினால் போகும் வழியும் வேறு. தேர்தல் பேச்சையும் நான் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். "சுவர் கட்டித் தருவேன்" என்று அவர் சொல்லியிருந்தால் அது வாக்குறுதி. நிறைவேறாமல் போக ஆயிரம் காரணம் இருக்கலாம். நிதி இல்லாமல் போகலாம், ஆட்சி வராமல் போகலாம். அக்காவும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார், வீட்டையும் விற்றிருப்பார். "வாங்கிவிட்டேன், பையில் இருக்கிறது" என்றது வாக்குறுதி இல்லை. அது நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய கூற்று. உண்மையா பொய்யா என்று அந்த நிமிடமே சொல்லிவிடக்கூடியது. அதைச் சொன்னவருக்கு அது எதுவென்று தெரியும்.

வேட்பாளர்கள் உண்மை பேசச் சட்டம் கட்டாயப்படுத்தலாமா என்ற விவாதம் பெரும்பாலும் வாக்குறுதிகளிலேயே சுற்றிக்கொண்டு நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்தே அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இலவச வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதியில் தொடங்கிய சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி முறைகேடு ஆகாது என்றது நீதிமன்றம். கூடவே, அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகளை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. 2014 முதல் நடத்தை விதிகளில் அது இருக்கிறது: வாக்குறுதிக்குக் காரணம் சொல்ல வேண்டும், பணம் எங்கிருந்து வரும் என்று பொதுவாகவேனும் காட்ட வேண்டும். ஆனால் நடத்தை விதிகள் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டம் இல்லை. மீறினால் பெரும்பாலும் கண்டிப்பதோடு சரி.

சரி, நடந்ததைப் பற்றிய பொய்க்கு என்ன சட்டம் இருக்கிறது? அக்கா கேட்ட பிறகு தேடிப் படித்தேன். படித்தது எனக்குக் கோபத்தை உண்டாக்கியது.

அதே 123-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, பொய்யான கூற்றைத் தேர்தல் முறைகேடு என்கிறது. நிரூபித்தால் தேர்தலே செல்லாமல் போகும். ஆனால் எந்தப் பொய்? இன்னொரு வேட்பாளரின் தனிப்பட்ட குணநடத்தையைப் பற்றி, அவர் போட்டியிடுவதைப் பற்றி, அவர் விலகியதைப் பற்றிச் சொல்லும் பொய். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 175-ஆம் பிரிவும் வேட்பாளரின் குணநடத்தை பற்றிய பொய்யையே தண்டிக்கிறது, அதற்கும் அபராதம்தான். அதாவது, அந்த மாலையில் வேனில் நின்றவர், "எதிர் வேட்பாளர் குடிகாரர்" என்று தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் அவருடைய வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்திருக்கலாம். "சுவருக்கு அரசாணை வந்துவிட்டது" என்று பொய் சொன்னதற்கு ஒன்றும் இல்லை. சட்டம் வேட்பாளரின் மானத்துக்குக் காவல் நிற்கிறது. வாக்காளரின் வாசற்படிக்கு யாரும் காவல் இல்லை.

வேட்பாளரை உண்மை சொல்ல வைப்பது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 2002-இல் உச்ச நீதிமன்றம், வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்றது. அதைச் சுருக்கிக் கொண்டுவந்த சட்டப் பிரிவை 2003-இல் நீதிமன்றமே நீக்கியது. அன்றிலிருந்து படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம் இல்லாமல் யாரும் வேட்பு மனுத் தாக்கல் செய்ய முடியாது. கட்டங்களை வெற்றாக விட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று 2013-இல் இன்னொரு தீர்ப்பு. நிலுவையிலுள்ள குற்ற வழக்குகளை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வேட்பாளரே விளம்பரம் செய்ய வேண்டும் என்று 2018-இல் ஒன்று. கடமை இருக்கிறது; அது வேட்பு மனு மேசையோடு முடிந்துவிடுகிறது. மேசையிலிருந்து எழுந்து வேனில் ஏறியதும் அவிழ்ந்துவிடுகிறது.

மேசையில் சொல்லும் பொய்க்காவது உரிய தண்டனை உண்டா என்று பார்த்தேன். படிவம் 26-இல் தெரிந்தே பொய் எழுதினால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டு சென்ட் நிலத்தைப் பதிவு செய்ய வந்து சார்பதிவாளர் முன்னால் தெரிந்தே பொய் சொன்னால், 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 82-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. என் மேசையின் கண்ணாடிக்கு அடியில் இந்தப் பிரிவை எழுதி வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று. இரண்டு சென்ட்டுக்கு ஏழு ஆண்டு, ஒரு தொகுதிக்கு ஆறு மாதம். பதவி பறிபோக இரண்டு ஆண்டுத் தண்டனையாவது வேண்டும் என்பது பொது விதி. ஆகவே பொய்ப் பத்திரம் கொடுத்துத் தண்டனை பெற்றவரும் அதன் காரணமாக மட்டும் பதவி இழக்கமாட்டார். குறைந்தது இரண்டு ஆண்டு ஆக்குங்கள், தகுதி நீக்கத்துக்கும் காரணமாக்குங்கள் என்று சட்ட ஆணையம் 2014-இல் தன் 244-ஆவது அறிக்கையில் சொல்லிவிட்டது. இன்னும் அறிக்கையாகவே இருக்கிறது.

இதைப் பற்றி என் மச்சானிடம் பேசினேன். அவர் புதுச்சேரி முதலியார்பேட்டை. ரோடியர் மில் என்று ஊர் சொல்லும் ஆங்கிலோ பிரெஞ்சு மில்லில் நூல் பிரிவில் வேலை பார்த்தவர். 2011 கடைசியில் தானே புயலில் அடிபட்ட மில், பிறகு எழுந்திருக்கவே இல்லை, 2020-இல் மூடிவிட்டார்கள். அதைத் திறப்போம் என்று மேடையில் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது. அவர் என் பக்கம் நிற்பார் என்று நினைத்துத்தான் போனேன். நிற்கவில்லை.

"மாப்பிள்ளை, பொய்யைத் தண்டிக்கச் சட்டம் போட்டால் முதலில் உள்ளே போவது எங்கள் சங்கத்து ஆளாகத்தான் இருக்கும். மில்லைத் திட்டமிட்டு நசிக்க விட்டார்கள் என்று நான் மேடையில் பேசினால், அது பொய் என்று அரசாங்கம் சொல்லும். யார் போய் நிரூபிப்பது?" என்றார்.

1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலைக்காகவும் சங்கம் வைக்கும் உரிமைக்காகவும் போராடிய மில் தொழிலாளர்களில் 12 பேர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிக்கு இரையான ஊர் அது. அந்த வழியில் வந்தவருக்கு அரசின் கையில் இன்னொரு தடியைக் கொடுக்க மனம் வராது. அவர் பயம் வீண் பயமும் இல்லை. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று ஒன்றிய அரசே தீர்மானிக்க ஒரு பிரிவு வைத்துக்கொள்ள 2023-இல் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தினார்கள். 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. வழக்கில் ஒரு தரப்பாக நிற்பவரே நீதிபதி நாற்காலியிலும் உட்காரக் கூடாது. இதில் மச்சானோடு எனக்குக் கொஞ்சமும் வேறுபாடு இல்லை.

ஆனால் "மில்லை நசிக்க விட்டார்கள்" என்பது கருத்து. அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை வேண்டும், கூட்டிச் சொல்லவும் குறைத்துச் சொல்லவும். நான் கேட்பது மிகச் சின்ன இடம். வேட்பாளர் தன் வாயால், தன்னைச் சேர்ந்த ஒன்றை, நடந்து முடிந்ததாகச் சொல்லும் கூற்று. அரசாணை வந்துவிட்டது, நிதி ஒதுக்கப்பட்டுவிட்டது, நான் இத்தனை முறை சட்டமன்றத்தில் இதற்காகப் பேசினேன். இவற்றுக்கெல்லாம் காகிதம் உண்டு. அரசாணை என்றால் எண் உண்டு, நாள் உண்டு, துறை உண்டு. எண்ணைச் சொல்ல முடியாதவர் "வந்துவிட்டது" என்று சொல்லக் கூடாது.

புதுச்சேரிக்கு இதைவிட ஒரு படி அதிகம் வேண்டும். மாநில அந்தஸ்து வாங்கித் தருவோம் என்று அங்கே கேட்காத தேர்தல் இல்லை. சட்டமன்றம் தீர்மானம் போடலாம். பலமுறை போட்டும் இருக்கிறது. ஆனால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் யூனியன் பிரதேசம் மாநிலமாகும். கேட்பதும் போராடுவதும் நியாயம், நானும் அதை ஆதரிக்கிறேன். "போராடுவேன்" என்று சொல்லட்டும். "தருவேன்" என்று சொல்பவர், தன் பெயரில் பட்டா இல்லாத நிலத்துக்குக் கிரயம் பேசுகிறார்.

வாக்காளர்தான் வில்லங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏமாந்தால் அவர் பாடு என்று சொல்பவர்களும் உண்டு. நிலம் வாங்கும்போதும் அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவரே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் மோசடி. எது யாருக்குத் தெரியும் என்பதை வைத்துப் பொறுப்பைப் பங்கிட்ட அழகான பிரிவு அது. அந்த அரசாணை விஷயத்தில் அக்காவால் என்ன செய்திருக்க முடியும்? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதிலுக்கு 30 நாள் தவணை. 2021-இல் தமிழ்நாட்டில் வேட்பு மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 22, வாக்குப்பதிவு ஏப்ரல் 6. பதினைந்து நாள். முதல் நாள் மேடையில் கேட்டதை மறுநாளே எழுதிப் போட்டாலும், பதில் வரும்போது விரலில் வைத்த மை மங்கத் தொடங்கியிருக்கும்.

அதனால்தான் தேர்தல் முடிந்த பிறகு தண்டிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. உயர் நீதிமன்றத்தில் 45 நாளுக்குள் தேர்தல் வழக்குப் போடலாம். அது முடிவதற்குள் பதவிக்காலம் முடிந்த கதைகளை நாம் பார்த்திருக்கிறோம். என் தொழிலில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது: பிழைத்திருத்தல் பத்திரம். சர்வே எண் மாறிப்போனால், எல்லை தவறாக விழுந்தால், எழுதிக் கொடுத்தவரே மீண்டும் வந்து "முன் பத்திரத்தில் இன்னது தவறாக எழுதப்பட்டுவிட்டது, சரியானது இது" என்று கையெழுத்துப் போட்டுப் பதிந்து தருவார். யாரும் அவமானப்படுவதில்லை. பிழையும் காகிதத்தில் நிற்கிறது, திருத்தமும் நிற்கிறது.

வேட்பாளருக்கும் அப்படி ஒன்று வேண்டும். யாராவது வாக்காளர், "இன்ன நாள், இன்ன தெருவில் இப்படிச் சொன்னார், ஆதாரம் காட்டட்டும்" என்று எழுதிக் கொடுத்தால், அரசுக்கும் கட்சிகளுக்கும் கட்டுப்படாத ஒரு நீதித்துறை அலுவலர் வேட்பாளரிடம் இரண்டு நாளில் காகிதத்தைக் கேட்க வேண்டும். காகிதம் இருந்தால் அது அறிவிப்புப் பலகையில் ஏறட்டும், படிவம் 26 ஒட்டியிருக்கும் அதே பலகையில். இல்லையென்றால் திருத்தம் கொடுக்கட்டும். அதை அதே தெருவில், அதே ஒலிபெருக்கியில் படிக்கட்டும். வாய் தவறியவர் அதோடு விடுபடலாம். திருத்தவும் மறுத்து, ஆதாரமும் காட்டாதவருக்குத்தான் வழக்கும் தகுதி நீக்கமும்.

நடக்காத காரியம் என்று மச்சான் சொன்னார். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1985-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்திலேயே இதை ஒத்த ஏற்பாடு இருக்கிறது: உண்மைக்கு மாறான, முக்கிய அளவில் திசைதிருப்பும் கூற்றைத் தேர்தல் விளம்பரத்தில் போடுவது குற்றம், அதைத் திரும்பப் பெறவும் மறுப்பு வெளியிடவும் தேர்தல் ஆணையர் கேட்கலாம். அங்கே அது கருத்தைத் தொடுவதில்லை. வேல்ஸ் நாட்டு அரசு 2024 ஜூலையில், வேண்டுமென்றே ஏமாற்றும் சட்டமன்ற உறுப்பினர்களையும் வேட்பாளர்களையும் சுதந்திரமான நீதித்துறை நடைமுறை மூலம் தகுதி நீக்கம் செய்யச் சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தது. நாம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றும் இல்லை இது.

வெள்ளத்துக்குப் பிறகு, 2025 தொடக்கத்தில், அக்காவின் பெயரிலேயே தகவல் உரிமை மனு எழுதினேன். பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒரே ஒரு கேள்வி: இந்தத் தெருவை ஒட்டிய ஆற்றுக் கரைக்கு வெள்ளத் தடுப்புச் சுவர் கட்ட, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை ஏதேனும் அரசாணை வெளியிடப்பட்டுள்ளதா, ஆம் எனில் எண்ணும் நாளும். பதில் ஒரே வரியில் வந்தது. அப்படி அரசாணை எதுவும் வெளியிடப்படவில்லை.

அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. காய்ந்து விறைத்துப்போயிருந்த பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன் மேலேயே இந்தக் கடிதத்தையும் வைத்தார். வைத்தவர் திரும்ப எடுத்தார்.

"தம்பி, இதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடு."

"எத்தனை, அக்கா?"

"தெருவில் இருபத்தெட்டு வீடு" என்றார். முப்பது எடுத்துக் கொடுத்தேன்.